மிஷனெரிப் பயணம் தடைபடும்போது: முதன்முறை புறப்படுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் வட்டாரச் சபைகளிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் வாலிபர் குழுக்கள் பணித்தளங்களுக்குப் புறப்படுகின்றன. சில குழுக்கள் மே மாத விடுமுறையில் ஒடுகத்தூர் வழியாக ஜவ்வாது மலை ஏறி, அங்குள்ள பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகின்றன. வேறு சில காட்பாடியில் ரயிலேறி, இரண்டு இரவுகள் பயணம் செய்து, ஒடிசாவுக்கோ ஜார்க்கண்டுக்கோ போகின்றன. மாதக்கணக்கில் ஜெபித்து, காணிக்கை சேர்த்து, பாட்டும் நாடகமும் பழகி, பை கட்டி முடித்த நிலையில் ரயில் ரத்தாகிறது. அல்லது பணித்தளத்து ஊழியர் தொலைபேசியில் அழைத்து, "இப்போது வர வேண்டாம்" என்கிறார். அந்த நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் நமக்கு முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை.

நான் பல ஆண்டுகளாக எங்கள் சபையின் மிஷனெரிக் குழுவில் இருக்கிறேன். திட்டம் கலைந்த பயணங்கள் சிலவற்றில் நானே பொறுப்பாளனாக இருந்தேன். அவற்றில் ஒன்றை மிக மோசமாகக் கையாண்டேன். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று வாயால் சொல்வது எனக்கு எப்போதும் எளிதாகவே இருந்தது. ஆனால் உண்மையில் நான் அவரை நம்பினேனா என்பது, அன்று யாருக்கு முதலில் செய்தி சொன்னேன், கையிலிருந்த பணத்தை என்ன செய்தேன், ஓய்ந்துபோன பத்து நாட்களை எப்படிக் கழித்தேன் என்பவற்றில்தான் தெரிந்தது. ஆகவே இவ்வழிகாட்டி பெரும்பாலும் செயல்களைப் பற்றியே பேசும்.

புறப்படுமுன்

யாக்கோபு தம் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், நாளைக்கு இன்ன பட்டணத்திற்குப் போவோம் என்று உறுதியாகப் பேசுகிறவர்களிடம், "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்று சொல்லும்படி கேட்கிறார். நம் சபை அறிவிப்புகளிலும் திருமண அழைப்பிதழ்களிலும் இந்தச் சொற்றொடர் தவறாமல் இடம்பெறுகிறது. பயணத் திட்டத் தாளில் மட்டும் அதற்கு இடம் இருப்பதில்லை. உங்கள் திட்டத் தாளில் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே ஒரு வரியைக் காலியாக விட்டு, "இது நடக்கவில்லையென்றால் யாருக்குத் தெரிவிப்பது, எங்கே தங்குவது" என்பதை எழுதிக்கொள்ளுங்கள். இது அவிசுவாசம் என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். யாக்கோபின் அறிவுரைக்குக் கீழ்ப்படியும் வழி இதுவே என்று நான் கருதுகிறேன்.

பயணச்சீட்டைப் பொறுத்தவரை மூன்று செய்திகளை நினைவில் வையுங்கள். இணையத்தில் எடுக்கும் ஒரு சீட்டில் ஆறு பேருக்கு மேல் சேர்க்க முடியாது. ஆகவே பதினான்கு பேர் கொண்ட குழு மூன்று சீட்டுகளாகப் பிரியும். அப்படிப் பிரிக்கும்போது ஒவ்வொரு சீட்டிலும் பயணப் பழக்கமுள்ள மூத்தவர் ஒருவர் இருக்கும்படி பார்த்துக்கொண்டால், காத்திருப்புப் பட்டியல் காரணமாகக் குழு உடைந்தாலும் இளையவர்கள் தனித்து நிற்க மாட்டார்கள். இரண்டாவதாக, ரயில் நிர்வாகமே ரயிலை ரத்து செய்தால் இணையச் சீட்டுக்கான தொகை, சீட்டு எடுத்த கணக்கிற்குத் தானாகத் திரும்பிவிடும். நிலையத்துச் சாளரத்தில் வாங்கிய சீட்டை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் பணம் கிடைக்கும். மூன்றாவதாக, உறுதியான தட்கல் சீட்டை நாமாக ரத்து செய்தால் ஒரு ரூபாயும் திரும்பாது. இப்போது அறுபது நாட்களுக்கு முன்பிருந்துதான் முன்பதிவு செய்ய முடியும் என்பதால், அதற்கு முன்னரே தேதியைப் பணித்தளத்தோடு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் ஆகிய மாநிலங்களுக்குப் போகிறவர்கள் உள்நுழைவு அனுமதிச் சீட்டில் குறிப்பிட்ட தேதிகளையும் கவனிக்க வேண்டும்; ரயில் மூன்று நாள் தள்ளிப்போனால் அனுமதியின் காலமும் முடிந்துபோகலாம். தேர்தல் காலத்தில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாக எடுத்துச் சென்றால், அதற்கான ஆவணம் கையில் இருக்க வேண்டும். சபையார் கொடுத்த காணிக்கையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்ல முடியாமல் நிற்பது வேதனையான காரியம். சபைக் கடிதத் தாளில் தொகையையும் நோக்கத்தையும் எழுதி, ஆயரின் கையொப்பத்தோடு ஒரு கடிதமும் வங்கியில் பணம் எடுத்த சீட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இயன்றவரை வங்கி வழியாகவே அனுப்பிவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. பணித்தளத்து ஊழியரின் தொலைபேசி எண் மட்டும் உங்களிடம் இருந்தால் போதாது. மலைக் கிராமங்களிலும் காட்டோரக் கிராமங்களிலும் மழை பெய்தால் கைப்பேசிக் கோபுரம் வேலை செய்யாது. பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர், கடைக்காரர், அருகிலுள்ள சபையின் ஊழியர் என்று இன்னும் இரண்டு பேருடைய எண்களையாவது வாங்கி வையுங்கள். ஏன் இதை இத்தனை வற்புறுத்துகிறேன் என்பது அடுத்த பகுதியில் விளங்கும்.

தடை வந்த நாளில்

முதலில், செய்தி உண்மைதானா என்று பாருங்கள். கைப்பேசியில் சுற்றி வரும் தகவலை நம்பிக் குழுவைக் கலைக்க வேண்டாம். 139 என்ற எண்ணில் ரயில்வே விசாரணையை அழையுங்கள். முடிந்தால் ஒருவர் காட்பாடி நிலையத்திற்கே நேரில் போய்க் கேட்கட்டும். 2021 டிசம்பரில் திருவலம் அருகே பொன்னை ஆற்று ரயில் பாலத்தில் பழுது கண்டு பல ரயில்கள் நின்றபோது, எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்பது நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தது.

செய்தி உறுதியானதும், குழுவாகக் கூடி அரைமணி நேரம் ஜெபியுங்கள். அந்த ஜெபத்தில் காரணம் தேட வேண்டாம். "ஆண்டவரே, நாங்கள் போக ஆயத்தமாயிருந்தோம்; உம்முடைய பணி எங்களைச் சார்ந்து நிற்கவில்லை; இப்போது செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்ய உதவும்" என்ற அளவில் இருந்தால் போதும். நீதிமொழிகள் 16:9 இந்த வேளைக்குப் பொருந்தும்: "மனுஷனுடைய இருதயம் அவன் வழியை யோசிக்கும், அவன் நடைகளை உறுதிப்படுத்துகிறவரோ கர்த்தர்." யோசிப்பது தவறென்று இந்த வசனம் சொல்லவில்லை என்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். திட்டமிட்டதே குற்றம், அதற்காகவே தண்டிக்கப்பட்டோம் என்று எண்ணி மனம் புண்படுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஜெபம் முடிந்ததும் எழுந்து, பணித்தளத்தை அழையுங்கள். அதற்குப் பின்புதான் மற்ற எல்லோரையும் அழைக்க வேண்டும்.

இந்த வரிசையைத்தான் நான் தவறவிட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் மாதத்தில், எங்கள் வாலிபர் ஐக்கியத்திலிருந்து பதினான்கு பேர் ஜார்க்கண்டில் சந்தால் பழங்குடி மக்கள் நடுவே உள்ள ஒரு பணித்தளத்திற்குப் போக ஆயத்தமானோம். காட்பாடி வழியே போகும் ஆலப்புழா–தன்பாத் விரைவு ரயிலில் தன்பாத் வரை போய், அங்கிருந்து பேருந்தில் சில மணி நேரம் போக வேண்டும். கடலோரத்தில் புயல் உருவாகி, புறப்படுவதற்கு முந்தின நாள் ரயில் ரத்தானது. நான் ஆயரிடம் சொன்னேன், பெற்றோரிடம் சொன்னேன், அன்று மாலை ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று, கர்த்தருடைய சித்தத்தைக் குறித்து உருக்கமாகச் சாட்சியும் சொன்னேன். பணித்தளத்து ஊழியரான அண்ணனை இரண்டு முறை அழைத்தேன், இணைப்புக் கிடைக்கவில்லை, மறுநாள் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாளும், அதற்கு அடுத்த நாளும் கிடைக்கவில்லை. நாங்கள் வந்து இறங்கியிருக்க வேண்டிய காலையில் அவர் ஒரு ஜீப்பை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பேருந்து நிற்கும் இடத்திற்கு வந்து, பிற்பகல் வரை காத்திருந்தார். அவருடைய மனைவி பதினான்கு பேருக்குப் பத்து நாட்களுக்கான அரிசியைக் கடனாக வாங்கி வைத்திருந்தார். மூன்று கிராமங்களிலிருந்து பிள்ளைகள் நடந்து வந்து, இருட்டும்வரை உட்கார்ந்திருந்து திரும்பிப் போனார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. கர்த்தருடைய சித்தத்தைப் பற்றி நான் சபையில் பேசிய நேரத்தில், அந்தக் குடும்பம் நம்பிக்கையோடு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்திருக்கும். அவர் அண்டை வீட்டாரின் எண்ணையோ, பக்கத்துப் பணித்தளத்தின் எண்ணையோ நான் கேட்டு வாங்கியிருந்தால் இது நேர்ந்திருக்காது.

பவுல் அப்போஸ்தலனுக்கும் கொரிந்து சபையோடு இப்படி ஒரு மனத்தாங்கல் ஏற்பட்டது. வருவதாகச் சொன்னவர் வரவில்லை. அவர் நிலையற்றவர், ஆம் என்றும் அல்ல என்றும் ஒரே மூச்சில் பேசுகிறவர் என்ற பேச்சு எழுந்தது. இரண்டாம் நிருபத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் அவர் அதற்கு எத்தனை பொறுமையாக விளக்கம் கொடுக்கிறார் என்பதை வாசித்துப் பாருங்கள். நான் அப்போஸ்தலன், என் பயணம் தேவனுடைய கையில் இருக்கிறது, உங்களுக்கு விளக்கம் தேவையில்லை என்று அவர் தட்டிக்கழிக்கவில்லை. காத்திருந்தவர்களுக்குக் காரணத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்று கருதியே எழுதுகிறார்.

ஆகவே பணித்தளத்திற்குப் பின் பெற்றோர், அவர்களுக்குப் பின் ஆயர், பின்பு காணிக்கை கொடுத்தவர்கள், கடைசியாகச் சபை என்ற வரிசையை நான் இப்போது கைக்கொள்கிறேன். பணித்தளத்தோடு பேசும்போது, அவர்கள் ஏற்கெனவே என்ன செலவு செய்திருக்கிறார்கள் என்று நீங்களே கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

"வர வேண்டாம்" என்று பணித்தளமே சொல்லும்போது காரணம் கேட்டு நெருக்காதீர்கள். ஒடிசாவில் 1967 முதலும் ஜார்க்கண்டில் 2017 முதலும் மதமாற்றம் தொடர்பான சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. வெளியூர்க் குழு ஒன்று வந்து போனபின், அதன் விளைவோடு அங்கே வாழப் போகிறவர்கள் அந்த ஊழியர்களே. "நாங்கள் கர்த்தருக்காக எதற்கும் ஆயத்தம்" என்று இருபது வயதுத் தம்பி ஒருவர் சொல்வது அழகாக இருக்கலாம். ஆனால் அந்தத் துணிவுக்கான விலையை இன்னொருவர் குடும்பம் கொடுக்கும்படி செய்யக் கூடாது.

காணிக்கைப் பணம்

பயணத்திற்கென்று கொடுக்கப்பட்ட பணம் பயணத்திற்குரியது. பயணம் நின்றவுடன் வரவு, செலவு, ரத்துக் கட்டணம், திரும்ப வர வேண்டிய தொகை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, ஒரு வாரத்திற்குள் ஆயரிடமும் பொருளாளரிடமும் கொடுங்கள். சீட்டுத் தொகை யாருடைய வங்கிக் கணக்கிலிருந்து செலுத்தப்பட்டதோ அதே கணக்கிற்குத்தான் திரும்பி வரும் என்பதால், குழுவிலுள்ள ஒருவருடைய சொந்தக் கணக்கில் சபையின் பணம் சில நாட்களோ சில வாரங்களோ தங்கியிருக்கும். அது வந்த நாளன்றே சபைக் கணக்கிற்கு மாற்றப்பட வேண்டும். கொடுத்தவர்களிடம், தொகையை அடுத்த பயணத்திற்கு வைத்துக்கொள்ளலாமா, பணித்தளத்திற்கு அனுப்பிவிடலாமா, திருப்பித் தர வேண்டுமா என்று கேளுங்கள். பலர் "வைத்துக்கொள்ளுங்கள், தம்பி" என்பார்கள். ஆயினும் கேட்க வேண்டியது நம் கடமை. எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுசெல்லும் காரியத்தில், கர்த்தருக்கு முன்பாக மட்டுமன்றி மனிதருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டுமென்று பவுல் கவலைப்பட்டார். 2 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் அதைக் காணலாம்.

பணித்தளத்தார் செய்த செலவை, எஞ்சிய தொகையிலிருந்து முதலில் கொடுத்துவிடுங்கள். அன்று ஜீப் வாடகையையும் அரிசிக் கடனையும் நாங்கள் மூன்று மாதம் கழித்துத்தான் அனுப்பினோம்.

"ஏன்?" என்ற கேள்வி

இரண்டு நாட்களில் இந்தக் கேள்வி வந்துவிடும். ரயில் போயிருந்தால் விபத்து நேர்ந்திருக்கும் என்பார் ஒருவர். இது சத்துருவின் தடை, உபவாசமிருந்து உடைக்க வேண்டும் என்பார் இன்னொருவர். குழுவில் யாரோ ஒருவருடைய பாவமே காரணம் என்று முணுமுணுப்பவரும் உண்டு. கடைசியாகச் சொன்னதற்குக் குழுத் தலைவர் இடமே கொடுக்கக் கூடாது. மற்ற இரண்டையும் அவசரப்பட்டு ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

பவுலுடைய பயணங்கள் தடைபட்ட இடங்களை மட்டும் எடுத்து வரிசையாகப் படித்தபோது நான் ஒன்றைக் கண்டேன். அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தில், ஆசியாவில் (இன்றைய துருக்கியின் மேற்கே இருந்த ரோம மாகாணம்) வசனம் சொல்லாதபடி அவரைத் தடுத்தவர் பரிசுத்த ஆவியானவர். 1 தெசலோனிக்கேயர் இரண்டாம் அதிகாரத்தில், அவர்களிடம் வர முடியாமல் தடுத்தவன் சாத்தான் என்கிறார். ரோமர் 15-ஆம் அதிகாரத்தில், ரோமாபுரிக்கு வரத் தடையாயிருந்தது, கிறிஸ்துவை அறியாத இடங்களில் அவருக்கிருந்த பிரசங்கப் பணியே. 2 கொரிந்தியரிலோ, அவர் தாமே யோசித்து, அவர்களைத் துக்கப்படுத்த வேண்டாமென்று வராமல் நின்றுவிட்டார். ஒரே மனிதர், நான்கு தடைகள், நான்கு வேறு காரணங்கள். இவற்றில் எதுவென்று அவருக்குப் பகுத்தறிய முடிந்தது; நமக்குச் சில வேளைகளில் முடியும், பல வேளைகளில் முடியாது. ஐந்தாவது காரணம் ஒன்றும் உண்டு: நாம் சரியாகத் திட்டமிடவில்லை என்பது. அதைத் தேவ சித்தம் என்ற பெயரால் மூடி மறைத்தால், அடுத்த ஆண்டும் அதே பிழையைச் செய்வோம்.

வேலூர்க்காரருக்கு, சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையைச் சொல்லத் தேவையில்லை. 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்து, அமெரிக்காவில் கல்வி கற்று, மிஷனெரி வாழ்க்கை தமக்கு வேண்டாமென்று எண்ணியிருந்தவர், தாயார் உடல்நலமின்றி இருந்ததால் 1890-இல் சிறிது காலத்திற்கென்று திண்டிவனம் வந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து, தங்கள் மனைவியரின் பிரசவத்திற்கு உதவும்படி அவரை அழைத்தார்கள். ஆண் மருத்துவரான அவருடைய தந்தையை அவர்கள் ஏற்கவில்லை. மருத்துவம் அறியாத அவராலும் உதவ முடியவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவு அவருடைய திட்டத்தை மாற்றியது என்பதோடு நம் மேடைகளில் கதை முடிந்துவிடுகிறது. எனக்குப் பயன்பட்டது அதன் பிற்பகுதி. அவர் மருத்துவராகி 1900-இல் திரும்பி வரப் பத்து ஆண்டுகள் ஆயின. தந்தையோடு சேர்ந்து பணி செய்யலாம் என்று வந்தவருக்கு, அதே ஆண்டிலேயே தந்தை மறைந்த துக்கமும் நேர்ந்தது. மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902-இலும், பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-இலும்தான் தொடங்கின. அந்த மூன்று பெண்களின் மரணத்திற்கு மறுநாள் காலையிலேயே யாராவது அவரிடம் ஒரு "காரணம்" சொல்லியிருந்தால், அது அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே குழுவினருக்கு நான் கொடுக்கும் ஆலோசனை இதுவே: ஒரு குறிப்பேட்டில் நடந்ததை மட்டும் தேதியிட்டு எழுதுங்கள். காரணத்தை எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விடுங்கள். அது காலியாகவே இருந்தாலும் ஜெபிக்க முடியும். சங்கீதங்களில் பாதிக்கு மேல் அப்படிப்பட்ட நிலையில் பிறந்தவையாகவே எனக்குத் தோன்றுகின்றன.

கையிலிருக்கும் நாட்களை என்ன செய்வது

விடுப்பு எடுத்தாயிற்று, பை கட்டியாயிற்று, பத்து நாட்கள் கையில் இருக்கின்றன. உடனே வேறோர் ஊருக்குச் சீட்டு எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அங்கே நம்மை ஏற்கும் ஆயத்தம் இராது. நம்முடைய ஏமாற்றத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக இன்னொரு பணித்தளத்தைச் சுமைப்படுத்தியவர்களாவோம். முதல் நாள் ஓய்வெடுங்கள். இரண்டாம் நாள், நாம் யாரிடம் போகவிருந்தோமோ அவர்களில் யாராவது நம் அருகிலேயே இருக்கிறார்களா என்று கேளுங்கள்.

வேலூரில் இந்தக் கேள்விக்கு விடை உண்டு. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிலும் காந்தி சாலையிலும் பாபு ராவ் தெருவிலும் உள்ள விடுதிகளில் மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், பீகார், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த நோயாளிகளும் அவர்களுடைய குடும்பத்தாரும் வாரக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். கடைப் பலகைகளில் வங்காளமும் இந்தியும் எழுதப்பட்டிருப்பதை நாம் தினமும் பார்த்தபடியே கடந்துபோகிறோம். ரயில் ரத்தான அந்த அக்டோபரில், குழுவிலிருந்த ஒரு தங்கைதான், "அண்ணா, அவர்களிடம் நாம் போக முடியவில்லை; அவர்கள் இங்கே வந்திருக்கிறார்களே" என்றாள்.

நாங்கள் பழகி வைத்திருந்த சந்தாலிப் பாடல்கள் அங்கே உதவவில்லை. நாங்கள் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் வங்காளமோ இந்தியோ பேசினார்கள். நாடகமும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டவை வேறு: மருந்துச் சீட்டைப் படித்து எந்தக் கட்டடத்தில் எந்தச் சாளரத்திற்குப் போக வேண்டுமென்று காட்டுவது, அறையில் சமைப்பதற்குக் காய்கறி வாங்கித் தருவது, நோயாளி உள்ளே இருக்கும்போது வெளியே குழந்தையை வைத்துக்கொள்வது, இரத்தம் கொடுப்பது. உறவினர் எவரும் அருகில் இல்லாத குடும்பத்திற்கு, அறுவை சிகிச்சைக்கு முன் இரத்தம் கொடுக்க ஆள் தேடுவது எத்தனை பெரிய திகில் என்பதை அந்த நாட்களில் அறிந்தோம். தகுதியுள்ள எட்டுப் பேர் கொடுத்தார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நோயும் பயமும் சூழ்ந்த மனிதரிடம், உதவிக்கு விலையாகச் செவிகொடுக்கும்படி கேட்கக் கூடாது. சுவிசேஷக் கைப்பிரதிக் கட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஏன் உதவுகிறீர்கள் என்று அவர்களாகக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். ஜெபிக்கலாமா என்று அனுமதி கேட்டு, வேண்டாமென்றால் புன்னகையோடு விட்டுவிடுங்கள். மருத்துவமனைக்குள் எதைச் செய்வதாயினும் அங்குள்ள போதகர்களிடம் முதலில் அனுமதி பெறுங்கள்.

அப்போஸ்தலர் 16-ஐ நான் பலமுறை வாசித்திருந்தும் அந்த வாரத்தில்தான் ஒன்று கண்ணில் பட்டது. ஆசியாவில் பேசத் தடை பெற்று, பித்தினியாவுக்கும் போக முடியாமல், துரோவாவில் தரிசனம் கண்டு மக்கெதோனியாவுக்குப் போன பவுல், பிலிப்பி பட்டணத்து ஆற்றங்கரையில் சந்தித்த லீதியாள் தியத்தீரா ஊரைச் சேர்ந்தவள். தியத்தீரா இருப்பது, எந்த ஆசியாவில் பேச வேண்டாமென்று தடுக்கப்பட்டாரோ அதே ஆசியாவில். எங்கள் ரயில் இதற்காகத்தான் ரத்தானது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கேள்விக்கான இடம் என் குறிப்பேட்டில் இன்றும் காலியாகவே இருக்கிறது.

பாதி வழியில் நின்றுவிட்டால்

புறப்பட்ட பின் தடை வருவது இன்னும் கடினம். ரயில் நடுவழியில் நிறுத்தப்படலாம். மலைப்பாதையில் மண் சரியலாம். குழுவில் ஒருவர் காய்ச்சலில் விழலாம். இயன்றவரை குழுவைப் பிரிக்காதீர்கள், பணத்தை இரண்டு மூன்று பேரிடம் பகிர்ந்து வையுங்கள், ஒரு நாளில் இருமுறை, குறித்த நேரத்தில் ஒரே ஒருவர் ஊருக்குச் செய்தி அனுப்பட்டும். பதினான்கு பேரும் பதினான்கு விதமாகத் தாய்மாருக்குச் சொன்னால் வீடுகளில் கலவரம்தான் மிஞ்சும். நோயுற்றவரை விட்டுவிட்டுக் குழு முன்னே போவதாயிருந்தால், அவரோடு ஒருவரல்ல, இருவர் தங்க வேண்டும்.

மற்றபடி, அருகில் இருக்கிற வேலையைச் செய்யுங்கள். மெலித்தா தீவில் கப்பல் உடைந்து கரையேறிய பவுல், மழையிலும் குளிரிலும் முதலில் செய்தது விறகு பொறுக்கி நெருப்பில் போட்டதே. தீவின் தலைவனான புபிலியுவின் தகப்பனுக்காக ஜெபித்ததும், மூன்று மாதம் அங்கே தங்கியதும் அதற்குப் பின்புதான். நின்றுபோன ரயிலில் தண்ணீர்ப் புட்டி நிரப்பிக் கொடுக்க முதியவர்கள் இருப்பார்கள். அழும் குழந்தைகள் இருக்கும்.

மனம் உடைந்தவர்கள்

குழுவில் ஓரிருவர் எல்லோரையும்விட ஆழமாகக் காயப்படுவார்கள். வேலையில் விடுப்புக்காகச் சண்டையிட்டவர், விசுவாசியாத பெற்றோரிடம் மன்றாடி அனுமதி வாங்கியவர், முதல் சம்பளத்தைக் கொடுத்தவர் ஆகியோர் இவர்கள். "உங்கள் கர்த்தர் உங்கள் ரயிலைக்கூட ஓட்டவில்லையே" என்று வீட்டில் கேட்கும் கேள்விக்கு அவர்களிடம் பதில் இராது. அவர்களுக்கு வசனம் அனுப்புவதோடு நிறுத்தாமல், வீட்டிற்கு நேரில் போய்ப் பெற்றோரிடம் நடந்ததை மரியாதையோடு விளக்குங்கள். அழுதால் அழட்டும்.

மறு தேதி குறித்தல்

மறு தேதியைக் குறிக்காமல் விட்டுவிட்டால் பயணம் மெல்ல மறைந்துபோகும். ஒரு மாதத்திற்குள் பணித்தளத்திடம் அவர்களுக்கு ஏற்ற காலத்தைக் கேளுங்கள். அறுவடை, திருவிழா, பிள்ளைகளின் தேர்வு ஆகியவற்றை அவர்களே அறிவார்கள். குழுவில் எல்லோராலும் மறுமுறை வர இயலாது என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். தெசலோனிக்கேயாவுக்குத் தாம் போக முடியாதபோது பவுல் தீமோத்தேயுவை அனுப்பினார், நிருபமும் எழுதினார். போக முடியாதவர்கள் கையால் எழுதிய கடிதங்களைப் போகிறவர்கள் எடுத்துச் செல்லட்டும்.

நாங்கள் அந்தப் பணித்தளத்திற்கு அடுத்த பிப்ரவரியில் போனோம். பதினான்கு பேரில் ஒன்பது பேர்தான் போக முடிந்தது. பேருந்திலிருந்து இறங்கியதும் நான் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் பையை வாங்கிக்கொண்டு, "முதலில் சாப்பிடுங்கள், தம்பி" என்றார். வீட்டின் மண்சுவரில், அக்டோபரில் நாங்கள் அனுப்பியிருந்த பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்தது. பிள்ளைகள் ஒவ்வொரு மாலையும் அதைப் பார்த்துப் பெயர் சொல்லி ஜெபித்து வந்ததாக அண்ணனின் மனைவியான அக்கா சொன்னார்; பிறகு, வராத ஐந்து பேரின் பெயர்களையும் வாசித்து, ஒவ்வொருவரும் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தார். கைப்பேசிக்கு இணைப்புக் கிடைக்கும் மேட்டுக்கு மறுநாள் காலையில் பிள்ளைகள் எங்களை அழைத்துப் போனார்கள். அங்கே நின்று, அந்த ஐந்து பேரையும் ஒருவர்பின் ஒருவராக அழைத்துப் பேசினோம்.